ஆறுதல் இரைச்சல்

கணக்குப் போட்டது நான்தான்.
செப்புக் கம்பிக்கு மாதம் ஐம்பத்தாறு டாலர்,
சோப்புக்கட்டி அளவுள்ள இந்தப் பெட்டிக்கு நாலு.
மிச்சப் பணத்தில் டிம்மின்ஸின் ஒரு குளிர்காலத்தையே
ஓட்டிவிடலாம் என்றேன் ஓடீலிடம்.
"நம்பர் மாறுமா?"
மாறாது.
"அப்ப சரி."

பழைய நம்பர் புதுப் பெட்டிக்குக் குடிவரப்
பதினொரு நாள் ஆனது.
தீப்பிடித்தால் எங்கே வர வேண்டும் என்று
படிவத்தில் ஒரு கேள்வி.
இத்தனை வருஷம் கம்பியே சொல்லிக்கொண்டிருந்த பதிலை
நான் தட்டச்சு செய்தேன்.
கஸ்பேயில் இருக்கும் மச்சினனுக்கும்
கிறிஸ்துமஸுக்கென்று ஒரு பெட்டி அனுப்பிவைத்தேன்.

சனிக்கிழமை இரவு ஃபெர்னான் கூப்பிடுவான்.
நண்டுக் கூடைகளோடும்
ஒற்றை நாற்காலியோடும் கடலோரத்தில் இருப்பவன்.
அக்காவும் தம்பியும் ஹாக்கி பார்ப்பார்கள்.
அவன் அங்கே, இவள் இங்கே,
நடுவில் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் பனி.
ரிசீவரைச் சோபாக் கையில் கிடத்திவிட்டு
சூரியகாந்தி விதை கொறிப்பாள்.
பேச்சா?
கோல் விழுந்தால் ஒரு "ஹா".
மற்றபடி, அந்த உஸ்ஸ்…
அடுப்பணைத்த பிறகும் அடங்காத எண்ணெய்ச்சட்டி மாதிரி.
இருபத்திரண்டு வருஷம் நான் காசு கட்டியது
அதற்குத்தான் போலிருக்கிறது.

புதுப் பெட்டியில் அது இல்லை.
யாரும் பேசாதபோது எதையும் அனுப்பாது,
என்னைப் போலவே சிக்கனம்.
இரண்டாம் நிமிஷமே ஓடீல் "ஹலோ?" என்றாள்.
"இருக்கேன்."
"ஹலோ?"
"இருக்கேன்னு சொன்னேனே."
மூன்றாம் முறை இருவரும் ஒன்றாகக் கேட்டு
ஒன்றாக வைத்துவிட்டார்கள்.
அன்றிரவு என்னோடும் அவள் பேசவில்லை.
அதிலும் உஸ் இல்லை.

நள்ளிரவு தாண்டியும் பெட்டியின் வயிற்றுக்குள் தேடினேன்.
பதினேழாவது பக்கத்தில்,
முகம் தெரியாத எவனோ ஒரு பொறியாளன்
போனால் போகிறதென்று விட்டுவைத்த சின்னக் கட்டம்:
ஆறுதல் இரைச்சல்.
டிக் அடித்தேன்.

அடுத்த சனிக்கிழமை உஸ் திரும்பியது.
ஓடீல் காலை நீட்டிக்கொண்டாள்.
மூன்று வாரம் நான் நல்லவன்.

நாலாம் வாரம், ஆட்டத்தின் கடைசிப் பகுதியில்
சமையலறையில் அவள் கைப்பேசி அடித்தது.
ஃபெர்னான், காருக்குள்ளிருந்து.
"புயல். ஆட்டம் ஆரம்பிச்சதுமே கரண்ட் போச்சு,
உன் வீட்டுக்காரர் பெட்டியும் செத்துப்போச்சு.
கம்பியா இருந்தா இருட்டுலயும் பேசும்."
அவள் சோபாவைத் திரும்பிப் பார்த்தாள்.
ரிசீவர் உஸ்ஸென்று இருந்தது,
குறை ஒன்றும் இல்லாமல்.

"அப்ப இவ்வளவு நேரம் நான் யார்கூட இருந்தேன்?"

இந்தப் பக்கத்துப் பெட்டி
தானாகவே பண்ணிக்கொண்ட சத்தம் அது.
சொல்ல வாய் வரவில்லை.
சொல்லாமலே புரிந்துகொண்டாள்.
"எடுத்துடு" என்றாள்.
எடுத்துவிட்டேன்.

இப்போது ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்கிறாள்.
"இருக்கியா?"
"இருக்கேன். சூப் கொதிக்குது."
"இருக்கியா?"
"இருக்கேன். இடது முட்டி வலி."
"இருக்கியா?"
கொஞ்சம் தாமதமாக,
"இருக்கேன்.
லிஸெட் படுக்குற பக்கத்து விளக்கு
அவ போன வாரமே ஃப்யூஸ் ஆயிடுச்சு.
நான் மாத்தவே இல்ல."

ஓடீல் டிவியின் சத்தத்தைக் குறைத்தாள்.
யார் ஜெயித்தார்கள் என்று
எனக்கு இன்றுவரை தெரியாது.

திங்கட்கிழமை கடைச் சீட்டில்
முட்டைக்கும் வெண்ணெய்க்கும் கீழே
ஒரு பல்பு எழுதியிருந்தாள்.
எங்கள் வீட்டில் எரியாத விளக்கு ஏதும் இல்லை.
பழைய செய்தித்தாளில் சுற்றி,
பனிச்சப்பாத்துப் பெட்டியில் வைத்து,
கஸ்பே முகவரியை அவளே எழுதினாள்.

தபால் செலவு பல்பைவிட மூன்று மடங்கு.
நான் வாயைத் திறக்கவில்லை.